மகாராணிக்கு மூச்சு

மகாராணி அன்றைக்கு விளக்கைப் பார்த்து நிற்கவில்லை.

பாசியக்கா முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மகாராணி என்பது ஆளில்லை, ஒரு கண்ணாடி ஜாடி. சின்னக் குடம் அளவு இருக்கும், உள்ளே கண்ணுக்குத் தெரியாத பொடிப் பாசி கோடிக்கணக்கில் நீந்திக்கொண்டிருக்கும், வெளியே இருந்து பார்ப்பவர்களுக்கு வெறும் பச்சைத் தண்ணீர். விளக்கு எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கத்துக் கண்ணாடியில் போய் அப்பிக்கொண்டு நிற்பதுதான் அந்த ஜாதிப் பாசியின் குணம். சாயத் தொழிற்சாலையின் பின்கட்டில், கழிவுநீர் சுத்தம் செய்கிற கொட்டகையில் இத்தனை வருடம் வேலை பார்த்ததில் அவளுக்குப் பாசியக்கா என்ற பெயரே வந்துவிட்டது. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்ப்பாளா என்பது சந்தேகம்தான்.

இன்று பச்சை முழுவதும் சுவர்ப்பக்கம் ஒதுங்கியிருந்தது. விளக்குப் பக்கம் தண்ணீர் வெளிறிக் கிடந்தது.

யாராவது ஜாடியைத் திருப்பி வைத்திருப்பார்கள் என்று நினைத்து அதைப் பழையபடி திருப்பினாள். பிறகு வழக்கமான சுற்றுக்குப் போனாள். முன்னால் நீளமான இரும்புத் தொட்டிகள், அவற்றின் மேல் ஊதா விளக்குகள், தொட்டியில் வெள்ளைப்பொடி கலந்த சாயத் தண்ணீர். அந்த வெளிச்சமும் பொடியும் சேர்ந்து சாயத்தை உடைக்க வேண்டும், உடைந்து மிஞ்சியதைக் கண்ணாடிக் குழாய்களில் இருக்கும் பாசி தின்ன வேண்டும், பாசி விட்டுவைத்த தண்ணீர் ஆற்றுக்குப் போக வேண்டும். காகிதத்தில் அப்படித்தான். நிஜத்தில் ஊதா விளக்குகளில் பாதிக்கு மேல் கண்ணை மூடி வெகுகாலமாகிவிட்டது. கேட்டால் மேனேஜர், "அதான் பாசி இருக்கே, அது பாத்துக்கும்" என்பார். சூடான பிளாஸ்டிக், துருப்பிடித்த இரும்பு, அடியில் எங்கோ அழுகிய முட்டை, இவை கலந்த வாடை நடுவே மோட்டாரின் ஒரே சுருதி ரீங்காரம் ஓடிக்கொண்டிருந்தது.

சுற்று முடித்துத் திரும்பியபோது பச்சை மறுபடியும் சுவர்ப்பக்கம் போயிருந்தது.

விளக்கைத் தூக்கி ஜாடியின் இந்தப் பக்கம் வைத்தாள், அந்தப் பக்கம் வைத்தாள், தலைக்கு மேல் பிடித்தாள். பாசி அசையவில்லை. சுவர்ப்பக்கக் கண்ணாடியில் முகத்தை வைத்து அழுத்திக்கொண்டிருப்பதுபோல ஒட்டிக்கொண்டிருந்தது.

"ஷாக்கு, இங்க கொஞ்சம் வா."

ஷாக்கு என்பது கொட்டகை எலக்ட்ரீஷியன். சேர்ந்த முதல் நாளே ஒயரில் கை வைத்துத் தூக்கியெறியப்பட்டவன், அதற்குப் பிறகு யாரும் அவனை வேறு பெயரில் கூப்பிடவில்லை. வந்து குனிந்து பார்த்தான்.

"கோவிச்சுகிட்டு திரும்பி உக்காந்திருக்குக்கா. மூச்சு குடுத்தீங்களா?"

"காலையிலேயே குடுத்தாச்சு. இந்தச் சுவத்துக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கு?"

"ரோடு. ஆறு. ஆத்துக்கு அந்தாண்ட உங்க ஏரியா." சிரித்தான். "உங்க வீட்டப் பாத்து நிக்குதோ என்னவோ. நாலு நாள் சொகுசு கண்டுட்டு வந்திருக்குல்ல."

அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே ஜாடியை மறுபடி ஒருமுறை திருப்பி வைத்தாள்.

மூச்சு கொடுப்பது கொட்டகையின் பழக்கம். பாசிக்கு வெளிச்சம் போலவே கரியமில வாயுவும் வேண்டும். முன்பு ஒருமுறை சிலிண்டர் வராமல் போனபோது, ஜாடிக்குள் இறங்கும் ரப்பர் குழாயில் வாயை வைத்து ஊதி அதைக் காப்பாற்றினார்கள். பிறகு சிலிண்டர் வந்துவிட்டது, பழக்கம் போகவில்லை. ஷிப்ட் முடிந்து போகிறவர்கள் ஆளாளுக்கு ஒரு மூச்சு ஊதிவிட்டுத்தான் கையைக் கழுவுவார்கள். குழாய்களில் பாசி செத்தால் இந்த ஜாடியிலிருந்துதான் எடுத்து ஊற்றி மறுபடி வளர்க்க வேண்டும், அதனால் இதற்குத் தாய் ஜாடி என்று பெயர். அந்தத் தாய்க்கு நடக்கும் உபசாரத்தைப் பார்த்து யாரோ மகாராணி ஆக்கிவிட்டார்கள்.

விளக்குகள் போனபின் குழாய்ப் பாசி அடிக்கடி செத்தது. உடையாத சாயம் நேராக வந்து இறங்கினால் எது பிழைக்கும்? அதனால் பாசியக்கா ஒரு வேலை செய்தாள். ஜாடியில் கொஞ்சம் கொஞ்சமாகப் சுத்த விஷத்தை, அதாவது ஊதா வெளிச்சம் படாத கருஞ்சாயத் தண்ணீரை, விட்டுப் பழக்கினாள். முதலில் வெளுத்தது, பாதி செத்தது, மிச்சம் பிழைத்தது. பிழைத்ததற்கு இன்னும் கொஞ்சம் விட்டாள். கடைசியில் எதை ஊற்றினாலும் குடித்தது. மேனேஜர் முதுகில் தட்டிக்கொடுத்தார். எதையும் குடித்துப் பிழைக்கிற ஒன்று வேறு என்னவெல்லாம் கற்றுக்கொண்டிருக்கும் என்று அப்போது யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை, அவளுக்கும் தோன்றவில்லை.

போன மாதம் டிரான்ஸ்பார்மர் மாற்றுவதற்காகத் தொழிற்சாலையையே நாலு நாள் நிறுத்தினார்கள். இருட்டில் விட்டால் மகாராணி பிழைக்காது. துணிப்பையில் வைத்து, பஸ்ஸில் மடியில் உட்காரவைத்து வீட்டுக்குக் கொண்டுபோனாள். கண்டக்டர் அதற்கும் டிக்கெட் கேட்டான்.

அதில் என்ன தப்பு என்று அன்றைக்கு நினைத்தாள். இன்றைக்குச் சுவரைப் பார்த்து நின்ற பச்சையைப் பார்க்கப் பார்க்க, மகளின் முகம் மனதுக்கு வந்துகொண்டே இருந்தது.

*

மகளுக்கு இழுப்பு. பிறந்ததிலிருந்தே நெஞ்சில் ஒரு விசில். கணவன் லாரியோடு ஊர் ஊராகப் போகிறவன், மாதத்தில் ஓரிரு முறை வந்து படுத்துத் தூங்கிவிட்டுப் போவான். அதனால் அந்த விசிலுக்குக் காவல் அவள் ஒருத்திதான். தூங்கும்போதும் ஒரு காது விழித்திருக்கும். விசில் நீண்டால் எழுந்து மருந்துக் குழலை வாயில் வைப்பாள், நின்றால் அதைவிட வேகமாக எழுவாள். அந்தப் பிள்ளையின் மூச்சு நிற்காமல் இருக்க வேண்டும், உலகத்தில் அவள் வேண்டியது அவ்வளவுதான்.

மகாராணி வந்துபோன பிறகு விசில் நின்றுவிட்டது. மருந்துக் குழல் அலமாரியில் தூசி படிந்து கிடந்தது. வெயில் காலம் வந்தால் சரியாகிவிடும் என்று டாக்டர் சொன்னது பலித்தது என்று அவள் சந்தோஷப்பட்டாள், நிம்மதியாகத் தூங்கினாள். இப்போது வீடு திரும்பும் பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்தால் அந்த நிம்மதியே சரியில்லாததுபோல இருந்தது. விசில் நின்றது சரி. அதற்குப் பதிலாக என்ன சத்தம் கேட்டது? எதுவும் கேட்டதாக நினைவில்லை.

வீட்டு வாசலுக்கு வந்தபோது எதிர்வீட்டு டீச்சர் கதவருகே நின்றிருந்தாள். பள்ளிக்கூடம் விட்டு வரும் குழந்தையை அவள்தான் பார்த்துக்கொள்வாள்.

"உங்க பொண்ணு உள்ளயே வரமாட்டேங்கறா. மாடிப்படில வெயில் விழற எடத்துலயே உக்காந்திருக்கா. வெயில் நகர நகர இவளும் நகர்றா. குடுத்தத சாப்பிடவும் இல்ல. தண்ணி மட்டும் குடிச்சுகிட்டே இருக்கா."

"வெளையாட்டு புத்தி டீச்சர்."

"அப்படித்தான் நானும் நெனச்சேன்." டீச்சர் மாடிப்படிப் பக்கம் பார்த்துக்கொண்டாள். "வாயத் தொறந்து வெச்சுகிட்டு உக்காந்திருக்கா. கூப்பிட்டா மூடிக்கறா."

மாடிப்படியின் கடைசிப் படியில் மட்டும் வெயில் ஒரு துண்டாக மிச்சமிருந்தது. அதற்குள் பொருந்தும்படி கால்களை ஒடுக்கிக்கொண்டு மகள் உட்கார்ந்திருந்தாள். முகம் மேலே, கண் மூடி, வாய் திறந்து. அம்மாவின் செருப்புச் சத்தம் கேட்டதும் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். கன்னம் நல்ல நிறமாக இருந்தது. பார்ப்பவர்கள் பிள்ளை தேறிவிட்டது என்றுதான் சொல்வார்கள்.

வீட்டுக்குள் மேஜை விளக்கின் கீழ் அவளைப் படுக்கவைத்து, விளையாட்டுக் காட்டுவதுபோல நெஞ்சில் கையை வைத்தாள். சட்டைக்கு மேலே, பிறகு சட்டைக்கு உள்ளே. தோல் குளிர்ச்சியாக இருந்தது. உள்ளே இதயம் நிதானமாக அடித்துக்கொண்டிருந்தது. நெஞ்சு ஏறவில்லை, இறங்கவில்லை. கையை எடுத்துவிட்டு மறுபடி வைத்தாள். சமையலறையிலிருந்து சில்வர் டம்ளர் ஒன்றைக் கொண்டுவந்து மூக்கின் கீழ் பிடித்தாள், டம்ளர் ஆவி படியாமல் பளபளவென்று அப்படியே இருந்தது.

"என்னம்மா பாக்கற?" என்றாள் மகள். பேசுவதற்காக மட்டும் கொஞ்சம் காற்றை இழுத்துக்கொண்டாள், பேசி முடிந்ததும் விட்டுவிட்டாள். பிறகு ஒன்றுமில்லை.

"ஜாடி இங்க இருந்தப்ப, அந்தக் குழாயில வாய வெச்சியா?"

மகள் கூரையைப் பார்த்தாள்.

"பக்கத்துல போகாதேன்னு சொன்னேன்ல. விஷத்தண்ணின்னு சொன்னேன்ல."

"நீ ஊதினா அது உங்கிட்ட வரும். அதான் நானும் ஊதினேன். எங்கிட்டயும் வந்துச்சும்மா."

"உறிஞ்சினியா?"

"தெரியாம." கொஞ்சம் யோசித்தாள். "வாய்க்குள்ள வந்துடுச்சு. துப்பிட்டேன்."

"எல்லாத்தையும் துப்பினியா?"

"பாதி."

குழலைக் கொடுத்தால் எந்தக் குழந்தையும் உறிஞ்சத்தான் செய்யும். இத்தனை வருடம் வால்வுக்கும் மோட்டாருக்கும் காவல் போட்ட அவளுக்கு அது தோன்றவில்லை. மகளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, விளக்கை அணைக்காமல் விடியும்வரை உட்கார்ந்திருந்தாள். அணைக்காததற்குக் காரணம் எதையும் அவள் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளவில்லை.

*

காலையில் டாக்டரின் அறை முழுக்க வெளிச்சமாக இருந்தது. ஜன்னல் பெரிது, சுவர் வெள்ளை. அவர் மகளின் விரலில் ஆக்சிஜன் அளவு காட்டும் கிளிப்பை மாட்டிப் பார்த்தார்.

"நூத்துக்கு நூறு. பரீட்சையிலயும் இப்படி வாங்கறியா?" முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தார். "நல்லா மூச்ச இழு பாப்பா. விடு. இழு." சொன்னபோதெல்லாம் மகள் இழுத்தாள், விட்டாள். "நெஞ்சு சுத்தமா இருக்கும்மா. ஒரு சத்தம் இல்ல."

"டாக்டர், அவ மூச்சு விடறதில்ல."

"என்னது?"

"நீங்க சொன்னா விடறா. சும்மா இருக்கும்போது விடறதில்ல."

டாக்டர் கோபப்படவில்லை. பரிவாகத்தான் சிரித்தார். "இழுப்பு இருக்கற பிள்ளைங்களோட அம்மா எல்லாருக்கும் இந்த பயம் வரும். வருஷக்கணக்கா சத்தத்தக் கேட்டுக் கேட்டு, சத்தம் நின்னா மூச்சே நின்ன மாதிரி இருக்கும். நீங்க நல்லா தூங்குங்க." கடைசியாக டார்ச்சை எடுத்து, "ஆ காட்டு" என்றார். "கொஞ்சம் பச்சையா இருக்கு. மிட்டாய் தின்னியா?"

மகள் ஆமாம் என்று தலையாட்டினாள். வீட்டில் மிட்டாய் கிடையாது.

அவர் டார்ச்சை எடுத்துச் சட்டைப்பைக்குக் கொண்டுபோனார். மகளின் தலை அதன் பின்னாலேயே போனது. வாய் திறந்தபடி, மெதுவாக. பைக்குள் வெளிச்சம் அணைந்ததும் நின்றது. டாக்டர் அடுத்த ஆளின் சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று வேலைக்குப் போகவில்லை. வீட்டில் இருந்த விளக்கையெல்லாம் ஹாலுக்குக் கொண்டுவந்து வைத்தாள். மகள் நடுவில் பாயில் உட்கார்ந்து படம் வரைந்தாள், எல்லாவற்றுக்கும் ஒரே கலர். மத்தியானத்துக்கு மேல் வானம் மூடிக்கொண்டது. மழைக்கு முந்திய மண்வாசனை ஜன்னல் வழியாக வந்தது, அதற்கு அடியில் இன்னொரு வாடையும் வந்தது, துருவும் அழுகலும் கலந்தது, அவள் நன்றாக அறிந்த வாடை. ஆற்றிலிருந்து வருகிறது என்று நினைத்து ஜன்னலைச் சாத்தினாள். சாத்திய பிறகு வாடை அதிகமானது.

பொழுது சாய்கிற நேரத்தில் கரண்ட் போனது.

எல்லா விளக்கும் ஒன்றாக. தெருவும் சேர்ந்து. மின்விசிறி சுற்றி ஓய்ந்து நின்றதும் அந்தச் சத்தம் கேட்டது. விசில் இல்லை. குழாயில் ஊதும்போது ஜாடிக்குள் எழுகிற சத்தம். குளுக். கொஞ்சம் இடைவெளி. குளுக் குளுக். கொட்டகையில் எத்தனையோ முறை கேட்டது. இப்போது பாயிலிருந்து வந்தது.

தடவித் தடவிப் போனைக் கண்டுபிடித்து டார்ச்சைப் போட்டாள்.

மகள் மல்லாந்து கிடந்தாள். கண் மேலே செருகியிருந்தது. உதடு நீலம். வெளிச்சம் முகத்தில் பட்டதும் சத்தம் நின்றது, நீலம் மெல்ல வடிந்தது, கண் மூடியது, விரல்கள் தளர்ந்தன. வாய் திறந்தே இருந்தது. உள்ளே நாக்கு தெரியவில்லை, அண்ணம் தெரியவில்லை. பச்சை. தொண்டைவரை பச்சை. டார்ச்சை இடப்பக்கம் நகர்த்தினாள். பச்சை இடது கன்னத்துக்குள் போய் அடர்ந்தது. வலப்பக்கம் நகர்த்தினாள். தயங்கி, கலைந்து, வலப்பக்கம் வந்தது.

ஜாடியில் அதுவரை எத்தனையோ முறை பார்த்து ரசித்ததுதான்.

போன் அவள் கையிலேயே அதிர்ந்தது. ஷாக்கு.

"அக்கா, நம்ம மகாராணி தெளிஞ்சிடுச்சு."

"என்ன சொல்ற?"

"தண்ணி தண்ணியா நிக்குது. அடியில வெள்ளையா பொடி. அவ்ளோதான். சுவத்துப் பக்கம் கண்ணாடியில மட்டும் நாக்கால நக்கின மாதிரி ஒரு தடம். தாய் போயிடுச்சுக்கா. குழாயிலயும் எல்லாம் வெளுத்துடுச்சு. இனிமே எதை ஊத்தறது?"

மகளின் வாய்க்கு நேராக வெளிச்சத்தைப் பிடித்திருந்தாள். வெளிச்சம் அசைந்தபோதெல்லாம் பச்சையும் சேர்ந்து அசைந்தது.

"மேனேஜர் பக்கத்துல நிக்கறார். கேக்கச் சொல்றார். வீட்ல கொஞ்சமாவது எடுத்து வெச்சிருக்கீங்களா?"

"இல்ல" என்றாள். குரல் வந்ததா என்று தெரியவில்லை. போனை அணைக்கப் போனவள் டார்ச்சும் போய்விடுமோ என்று பயந்து அப்படியே விட்டாள். ஷாக்கு "ஹலோ, ஹலோ" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். சார்ஜ் சிவப்பில் இருந்தது.

"அம்மா." மகள் கண்ணைத் திறக்கவில்லை. உதடும் அசையவில்லை. "ஊதும்மா."

டார்ச் போனது.

இருட்டு.

குளுக்.

மருந்துக் குழல் அலமாரியில். டாக்டர் ஆறு தாண்டி. தீப்பெட்டி எங்கே? தீப்பெட்டி எங்கே? குளுக் குளுக். மகளின் விரல் அவள் புடவையைப் பிடித்து இழுத்தது. பெற்றவளுக்கு வேறு என்ன தெரியும். குனிந்தாள். வாயில் வாயை வைத்தாள். குளிர்ச்சி. துரு. ஊதினாள்.

சத்தம் நின்றது. மறுபடி ஊதினாள். விரல் தளர்ந்தது. மறுபடி. எவ்வளவு நேரம் அப்படி ஊதினாளோ, தலை சுற்றியது, கண்ணுக்குள் ஊதாப் பொறிகள் பறந்தன. பிள்ளை பிழைத்தாள், பிழைத்தாள், அது ஒன்றுதான் மனதில் ஓடியது.

கரண்ட் வந்தது.

டியூப் லைட் இரண்டு முறை கண்ணடித்துவிட்டு எரிந்தது. மேஜை விளக்கு, சமையலறை விளக்கு, கொண்டுவந்து அடுக்கிய அத்தனை விளக்கும் எரிந்தன. அவள் நிமிர்ந்து சுவரில் சாய்ந்தாள். அப்பாடா என்றிருந்தது. இனி விளக்கு பார்த்துக்கொள்ளும்.

மகள் எழுந்து உட்கார்ந்தாள். கண் மூடியே இருந்தது. வாய் திறந்தே இருந்தது. விளக்குகளின் பக்கம் அவள் திரும்பவில்லை.

அம்மாவின் பக்கம் திரும்பினாள்.

பாசியக்கா சுவரோடு சுவராக இடப்பக்கம் நகர்ந்தாள். மகளின் முகம் இடப்பக்கம் வந்தது. வலப்பக்கம் நகர்ந்தாள். தயங்கி, வலப்பக்கம் வந்தது. நேற்று விளக்கை எங்கே வைத்தாலும் சுவரையே பார்த்து நின்ற ஜாடி நினைவுக்கு வந்தது. மூச்சின் ருசி கண்ட ஜாடிக்கு வெளிச்சம் அலுத்துப் போயிருந்தது, இப்போது இதற்கும்.

அவள் மூச்சை அடக்கினாள்.

மகளின் தலை சாய்ந்தது. தேடியது. உதட்டின் நீலம் ஓரத்திலிருந்து பரவ ஆரம்பித்தது, அவ்வளவு விளக்குக்கு நடுவிலும். உள்ளே குளுக் என்றது. பிறகு அதற்கும் உள்ளே, வெகு ஆழத்தில், பிறந்ததிலிருந்து அவள் காது அறிந்த அந்தப் பழைய விசில், அவளுடைய சொந்தப் பிள்ளையின் விசில், மெலிதாக ஒருமுறை கேட்டது.

அதைக் கேட்டபின் அவளால் முடியவில்லை. மண்டியிட்டு, இரண்டு கைகளாலும் அந்த முகத்தை ஏந்தி ஊதினாள்.

நீலம் வடிந்தது. பச்சை பல்லைத் தாண்டி வந்தது. உதட்டைத் தாண்டி வந்தது. முகவாயில் வழியாமல், கீழே சொட்டாமல், காற்றில் விரல்நுனி அளவு நீண்டு, அவள் வாயைப் பார்த்து நின்றது. மூச்சு தீர்ந்து அடுத்த மூச்சை இழுத்தபோது பாசியக்காவின் சொந்த நெஞ்சில் ஒரு விசில் கேட்டது.